‘சரிங்க சார்’ என்றால் சம்மதம் என்று அர்த்தமல்ல!

‘‘வாத்தியாருங்க மாறவே மாட்டாங்க சார். எவ்வளவு நல்ல திட்டம் கொண்டுவந்தாலும் கெடுத்து வெச்சிடுவாங்க.’’

இந்த வசனத்தை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருக்கலாம். கல்வித் துறை அதிகாரி சொல்வார். தன்னார்வ நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர் சொல்வார். தனியார் பள்ளித் தாளாளர் சொல்வார். டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் சொல்வார். தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் கருத்து வேறுபாடு இல்லாமல் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி சோம்பேறித்தனம். ஆசிரியருடைய சோம்பேறித்தனம் அல்ல, நம்முடையது. ‘அவன் சோம்பேறி, சம்பளம் மட்டும் வேணும்’ என்று ஒரு லேபிளை ஒட்டிவிட்டால் அதற்குமேல் நாம் யோசிக்க வேண்டியதில்லை. அவர் எதை எதிர்க்கிறார், ஏன் எதிர்க்கிறார், எதிர்ப்பில் நியாயம் உண்டா என்றெல்லாம் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள்.

கொஞ்சம் உடைத்துக்கொள்வோம்.

2003-ம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையில் மூன்று விஷயங்கள் நுழைந்தன.

ஒன்று: அந்த வருடம் ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது. ஏற்கெனவே இருந்த சலுகைகளிலும் அரசு கைவைத்தது. ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை அரசு ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கியது. ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலை நிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலானவர்களை அரசு திரும்பச் சேர்த்துக்கொண்டது என்பது வேறு விஷயம். ஆனால் ‘ஒரு கையெழுத்தில் நான் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடலாம்’ என்பதை ஒவ்வோர் ஆசிரியர் குடும்பமும் அந்த ஜூலையில் தெரிந்துகொண்டது.

இரண்டு: பிரம்பு. தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி, குழந்தையை உடம்பாலோ மனதாலோ நோகடிக்கும் தண்டனை கூடாது என்றார்கள். மிக நல்ல காரியம். நாடு முழுவதற்குமான கல்வி உரிமைச் சட்டம் இதைச் சொல்வதற்கு ஆறு வருடம் முன்பே தமிழ்நாடு சொல்லிவிட்டது.

மூன்று: சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. ஏ.பி.எல். என்று சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வரும். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று கொண்டுவந்தது. ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளியைச் சேர்ந்தவர்கள், சுற்றுவட்டாரச் சின்னச் சின்ன கிராமப் பள்ளிகளுக்காகப் பல வருடங்கள் பாடுபட்டு உருவாக்கிய முறையின் சென்னை வடிவம் அது.

ஓய்வூதியம் நிதித் துறை விவகாரம். பிரம்பு மனித உரிமை விவகாரம். ஏ.பி.எல். கல்வி விவகாரம். ஃபைல்கள் வேறு வேறு, மேஜைகள் வேறு வேறு. ஆனால் வாங்கிக்கொண்ட ஆசிரியர் ஒரே ஆள்தான். ‘உன்னை நம்ப மாட்டேன்’ என்று ஒரு கையால் எழுதிவிட்டு, ‘என்னை நம்பி மாறு’ என்று இன்னொரு கையால் எழுதினால், படிப்பவர் எந்தக் கையைப் பார்ப்பார்?

* * *

ஏ.பி.எல். வகுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அழகான விஷயம். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை குழந்தைகள் கலந்து, பாயில் குழுக் குழுவாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அட்டையில் முயல், யானை மாதிரி ஒரு சின்னம் இருக்கும். சுவரில் கற்றல் ஏணி. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தை தானே பார்த்து, தனக்கான அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். நாலு நாள் காய்ச்சல் என்று வராமல் இருந்தால், விட்ட படியிலிருந்து தொடரும். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. வருகையைக்கூடக் குழந்தையே பதிவு செய்யும். ஆசிரியரும் தரையில்தான் உட்கார வேண்டும்.

இப்போது இதையே ஆசிரியரின் இடத்திலிருந்து பாருங்கள்.

இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று. முன்னால் நிற்பது, பாடத்தைச் சொல்வது, கரும்பலகையில் எழுதுவது, எழுதச் சொல்வது, கேள்வி கேட்பது. அதில் அவருக்கு ஒரு கை இருந்தது. ‘டீச்சர் கணக்கு நடத்தினா மண்டையில ஏறிடும்’ என்று ஊரில் பெயரும் இருந்தது. ஒரு ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது நாற்காலி போனது, மேஜை போனது, முன்னால் நிற்கும் இடம் போனது, ‘இன்னிக்கு எல்லாரும் பன்னிரண்டாம் பக்கம் எடுங்க’ என்ற வாக்கியமும் போனது. இருபது வருட அனுபவசாலி, ஒரே நாளில், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரோடு சேர்ந்து புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியவரானார்.

இதற்குப் பெயர் சோம்பேறித்தனமா? கூச்சம் சார், கூச்சம். நாற்பத்தைந்து வயதில் தனக்குத் தெரியாது என்று மற்றவர் முன்னால் நிற்க நேரும் கூச்சம். உங்கள் வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணன் கேஷியர் பட்ட அதே கூச்சம். அவரை நாம் ‘பாவம், பழகிடுவார்’ என்றோம். ஆசிரியரை மட்டும் ‘மாற மாட்டான்’ என்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2003-ல் 13 பள்ளிகள். அங்கே ஒரு சின்னக் குழு. ரிஷிவேலி முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள், சென்னைக்கு ஏற்ற அட்டைகள் தயாரிப்பதில் கூடவே இருந்தார்கள். தங்கள் கையால் செய்த பொருள் என்பதால், அது எங்கே இடிக்கும், எங்கே நெளியும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்து மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது.

பதிமூன்றிலிருந்து முப்பத்தேழாயிரம். நடுவே நாலே வருடம்!

முதல் 13 பள்ளிக்கு ஏ.பி.எல். ஒரு முயற்சியாகப் போனது. மற்ற 37 ஆயிரத்துக்கு அது ஆணையாகப் போனது. அட்டை ஒன்றுதான், ஏணி ஒன்றுதான். போன வழி வேறு. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்லி, அவர் வட்டார வள மையத்தில் சொல்லி, அங்கிருந்து ஆசிரியர் கேட்டுக்கொண்டு வந்து வகுப்பில் செய்ய வேண்டும். காதோடு காதாகச் சொல்லும் விளையாட்டை நீங்களும் சின்ன வயசில் விளையாடியிருப்பீர்கள். கடைசி ஆள் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

* * *

சரி, கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. ஞாபகசக்தி.

1980-களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் சேரும்போது மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம். பள்ளிக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பல பள்ளிகளில் பீரோவுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. 90-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம். பிறகு ஏ.பி.எல். பிறகு நீதிமன்ற வழக்கெல்லாம் தாண்டி வந்த சமச்சீர் கல்வி. 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும். 2018-ல் புதிய பாடப் புத்தகங்கள். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று ஓர் அறிவிப்பு. 2020 பிப்ரவரியில் அதே அறிவிப்பு வாபஸ். 2022-ல் எண்ணும் எழுத்தும்.

இவற்றில் பல நல்ல திட்டங்கள். நான் திட்டங்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வந்தபோது ‘இதுதான் இனிமேல்’ என்று சொன்னார்கள். போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் போனது, எது சரியாக வரவில்லை, எதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியரைக் கூப்பிட்டு உட்காரவைத்து யார் பேசினார்கள்? செத்தவரைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்கிறோம். திட்டங்களுக்கு மட்டும் நம் ஊரில் அது கிடையாது. ஒரு நாள் மூச்சு நின்றிருக்கும். அடுத்த நாள் புதுக் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா நடக்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தையே பாருங்கள். கொரோனாவுக்குப் பின் படிக்க, எழுத, கூட்டத் தெரியாமல் நின்ற குழந்தைகளுக்காக வந்த அவசியமான திட்டம். முதலில் மூன்றாம் வகுப்புவரை, அடுத்து ஐந்தாம் வகுப்புவரை. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. அட, இதென்ன தெரிந்த முகமாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? குழந்தை அதனதன் வேகத்தில்தான் போகும் என்ற ஏ.பி.எல். தத்துவத்தின் தம்பிதான் இது.

அப்படியானால், ஏ.பி.எல். செய்த ஆசிரியரிடம் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்க வேண்டும்? ‘‘நீங்கதான் ஏற்கெனவே இதைச் செஞ்சிருக்கீங்களே டீச்சர், அப்போ எங்கே இடிச்சது?’’ என்பதுதானே? இந்தக் கேள்வியோடு ஆரம்பித்த பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு நீங்கள் போயிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அவருடைய வருடங்களை அழித்துவிட்டு, மறுபடி ‘அ’விலிருந்து ஆரம்பித்தால் அவர் மனதில் என்ன ஓடும்?

‘இதுவும் போகும்’ என்று ஓடும். ஓடுவது மட்டுமல்ல, அது சரியாகவும் இருக்கிறது!

இதைத்தான் நாம் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறோம். கல்வி அதிகாரி ரயில் பயணி மாதிரி. இரண்டு வருடம் இருப்பார், மாற்றலில் போவார். ஆசிரியர் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. முப்பது வருடம் அங்கேயே இருப்பார். ஒவ்வொரு ரயிலுக்கும் கொடி காட்டுவார். எந்த ரயிலிலும் ஏற மாட்டார். ஏறி உட்கார்ந்தவருக்கு என்ன ஆனது? ராத்திரி கண் விழித்து அட்டைக்குக் கலர் அடித்தவர், சொந்தக் காசில் தட்டு வாங்கியவர், பெற்றோர் கேலி செய்தபோதும் விடாமல் நின்றவர், திட்டம் போனதும் நடு வழியில் இறக்கிவிடப்பட்டார். பிளாட்பாரத்திலேயே நின்றவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உழைத்தவர் ஏமாந்தார், காத்திருந்தவர் ஜெயித்தார். எதிர்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். ரொம்ப நல்ல முறையில், செயல்வழியிலேயே கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

* * *

‘அப்படியானால் ஏன் அவர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை?’ என்று கேட்பீர்கள்.

அந்தப் பழக்கமே நம் பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தின் கலாசாரம் என்று நாம் சொல்வதில் பாதி, இன்ஸ்பெக்ஷனின் கலாசாரம். 19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். பிள்ளைகள் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்த்து பள்ளிக்கு மானியம். வெள்ளைக்காரன் போனான், அந்தப் பயம் போகவில்லை. நம் நாட்டு ஆசிரியர், பிள்ளைகளுக்கு முன்னால் சர்வாதிகாரி, மேலதிகாரிக்கு முன்னால் சாது என்ற அர்த்தத்தில் கல்வியாளர் கிருஷ்ணகுமார் விளக்கியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது தற்செயல் அல்ல. மேலே பேச முடியாதவர், கீழே பேச விடமாட்டார்.

அதனால் பயிற்சி வகுப்பில் யாராவது ‘ஏதாவது சந்தேகம் இருக்கா?’ என்று கேட்டால், அறை முழுக்க ஒரே பதில்தான். ‘‘சரிங்க சார்.’’

சத்தம் போட்டு எதிர்க்கிற ஆசிரியரைப் பார்த்து அதிகாரிகள் பயப்படுகிறார்கள். தப்பு. பயப்பட வேண்டியது இந்த ‘சரிங்க சார்’ ஆசாமியைப் பார்த்துத்தான். ‘முடியாது சார், என்கிட்ட நாலு வகுப்பு, நான் ஒருத்தன். நீங்க சொல்றபடி மூணு குழுவைப் பிரிச்சா மொத்தம் பன்னண்டு குழு ஆகுது’ என்று சண்டை போடுகிறவர், திட்டத்தைப் படித்துவிட்டார், தன் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டார், ஓட்டையையும் காட்டிவிட்டார் என்று அர்த்தம். அவர் உங்களுக்கு இலவசமாக வேலை செய்திருக்கிறார். ‘சரிங்க சார்’ சொன்னவர் பதிவேட்டை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்வார். பார்வைக்கு வரும் நாளில் அட்டை வெளியே வரும், பாய் விரியும், ஏணி பளபளக்கும். மறுநாள் ‘எல்லாரும் பன்னிரண்டாம் பக்கம் எடுங்க.’ சென்னைக்குப் போகும் அறிக்கையில் நூற்றுக்கு நூறு.

முதலாமவருக்கு விளக்கம் கேட்டு மெமோ. இரண்டாமவருக்கு நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரை. இப்படி நடக்கிற இடத்தில் எந்தப் புத்திசாலி உண்மை பேசுவான்?

இப்போது பதிவேட்டோடு இமிஸ் செயலியும் சேர்ந்துகொண்டது. பாடம் நடத்துவதைவிட பாடம் நடத்தியதைப் பதிவு செய்ய நேரம் போகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் பல வருடப் புகார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம், இந்த மூன்றைத் தவிர கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். செல்போனுக்குள்ளேயே அனுப்பிவிட்டால் அது சட்டத்தில் வராது போலிருக்கிறது!

* * *

அரசை மட்டும் திட்டிவிட்டு உங்களை விட்டுவிட்டால் நான் நியாயமான ஆள் இல்லை. உங்களிடம் வருகிறேன்.

அமெரிக்காவில் டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் ஆசிரியத் தொழிலைப் பற்றி 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆசிரியர் ஆகிறவர் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே, மாணவராக சுமார் 13 ஆயிரம் மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று கணக்குப் போட்டார். வேலையை அங்கேயே கற்றுவிடுகிறார். அப்புறம் தருகிற ஐந்து நாள் பயிற்சி அந்த 13 ஆயிரம் மணி நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அந்த மாதிரி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியருக்கு மட்டுமா? உங்களுக்கும் இருக்கிறதே. அதனால்தான் உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் திறந்து, ‘‘என்னது, நோட்டுல ஒண்ணுமே எழுதலை?’’ என்கிறீர்கள். பாயில் உட்கார்ந்து அட்டை வைத்துப் படித்தால், ‘‘விளையாட விட்டுட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்காங்க’’ என்கிறீர்கள். வீட்டுப்பாடம் குறைந்தால் ஸ்கூலின் தரமே குறைந்துவிட்டது என்று வேறு ஸ்கூல் தேடுகிறீர்கள். சட்டம் பிரம்பைப் பிடுங்கிய பின்னாலும், ‘‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’’ என்று பள்ளி வாசலில் நின்று சொன்னது எந்த அதிகாரி? எந்தச் சங்கம்? நம் வீட்டுப் பெரியவர்கள்தானே!

மாற நினைக்கும் ஆசிரியருக்கு மேலே ஓர் ஆணை, பக்கத்தில் சக ஆசிரியர்களின் கேலி, கீழே பெற்றோரின் சந்தேகம். மூன்று பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, ‘ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்கிறோம்.

‘எங்க ஸ்கூல்ல இந்தப் பிரச்னையே இல்லை. மேனேஜ்மென்ட் சொன்னா டீச்சர்ஸ் செய்வாங்க’ என்று தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் பெருமைப்பட வேண்டாம். அங்கே வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதால் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். எதிர்ப்பு அங்கே வேறு உருவத்தில் வரும். ஏப்ரலில் ராஜினாமாவாக வரும். வருடா வருடம் உங்கள் பிள்ளைக்குப் புதுக் கணக்கு டீச்சர் வருகிறாரே, அதற்கு அர்த்தம் என்ன என்று எப்போதாவது விசாரித்ததுண்டா?

* * *

அதற்காக ஆசிரியர் எதை எதிர்த்தாலும் புனிதம் என்று நான் சொல்லவில்லை. இதில் எனக்குச் சலுகை காட்டும் எண்ணம் துளியும் இல்லை.

எந்த எதிர்ப்பையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம். இது யாரைக் காப்பாற்றுகிறது?

‘இந்த முறையில் என் வகுப்பில் மெதுவாகப் படிக்கிற பிள்ளை தனியாக விடப்படுகிறது’ என்றால், அந்த எதிர்ப்பு குழந்தையைக் காப்பாற்றுகிறது. திட்டத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ‘எனக்கு நேரம் போதவில்லை, பயிற்சி போதவில்லை, எனக்கு அவமானமாக இருக்கிறது’ என்றால், அது ஆசிரியரைக் காப்பாற்றுகிறது. தப்பில்லை. உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ‘பிரம்பை எடுத்துட்டா எவன் சார் மதிப்பான்?’ என்றால், அது குழந்தைமேல் இருக்கிற அதிகாரத்தைக் காப்பாற்றுகிறது. அதோடு பேச்சுவார்த்தை கிடையாது. சட்டம்தான்.

சாதி விஷயமும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடாதீர்கள் என்கிற அளவுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதாவது, நோய் மாணவரின் கையில் கட்டிய கயிற்றில் மட்டும் இல்லை, ஆசிரியர் அறையிலும் இருக்கலாம் என்று அர்த்தம். ‘எங்க ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது சார்’ என்று அங்கே ஒருவர் மாற்றத்தை எதிர்த்தால், அதைப் புரிந்துகொள்ள வேண்டிய உளவியல் எனக்குத் தேவையில்லை.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வூதியத்துக்காகப் போராடுவது உங்கள் உரிமை. பள்ளிகளை மூடுவதை எதிர்த்து நீங்கள் குரல் கொடுத்ததையும் மறுக்கவில்லை. ஆனால், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்காக, ‘இந்தத் திட்டம் வேண்டாம், எங்கள் திட்டம் இதோ’ என்று மாற்று ஒன்றை மேஜையில் வைத்துப் போராடுங்களேன். ஊரே உங்கள் பின்னால் வரும். மாற்று இல்லாத எதிர்ப்பைப் பார்த்துத்தான் டீக்கடைக்காரர் ‘மாறவே மாட்டாங்க’ என்கிறார்.

* * *

ஆசிரியர்கள் மாறவே மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்துகிறேன். 90-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கியது அப்போதுதான். பல மாவட்டங்களில் அந்த இயக்கத்தைத் தோளில் சுமந்தவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கணிசமானவர்கள். பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி கிராமம். பாட்டு, நாடகம், தெருவிளக்கடியில் எழுத்து. நாற்காலியும் இல்லை, பிரம்பும் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் இவர்களைவிட வயதில் மூத்த பாட்டிகள்!

பிளாட்பாரத்தில் நிற்கும் அதே ஆசிரியர் வர்க்கம்தான். என்ன வித்தியாசம்? அங்கே யாரும் ஆணை போடவில்லை, அழைத்தார்கள். செய்ததில் பிழை வந்தால் மெமோ கொடுக்கவில்லை, சேர்ந்து சிரித்துவிட்டுத் திருத்தினார்கள். அவர் சொன்ன யோசனை அடுத்த வாரமே அடுத்த ஊரில் நடந்தது. மாறுவதற்கு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆகவே, கல்வியை மாற்றப் புறப்படும் அதிகாரிகளுக்கும் தாளாளர்களுக்கும் நாலே நாலு கோரிக்கை.

புதுத் திட்டத்தை அறிவிக்கும் முன், பழைய திட்டம் ஏன் நின்றது என்று ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்.

ஒரு வேலையைச் சேர்ப்பதானால், ஒரு வேலையை எடுத்துவிடுங்கள். ஆசிரியரின் நாளும் 24 மணி நேரம்தான்.

முதல் வருடம் தப்பு செய்ய விடுங்கள். அந்த வருடம் பார்வைக்கு வருகிறவர் கையில் பேனா இருக்கக் கூடாது.

‘முடியாது சார்’ என்று எழுந்து நிற்கும் முதல் ஆசிரியரை உட்காரச் சொல்லாதீர்கள். அவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். திட்டத்தில் எது தப்பு என்று உங்களுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லப்போகிறவர் அவர்தான்.

உங்களுக்கு, வாசகருக்கு, ஒரே கோரிக்கை. அடுத்த முறை யாராவது ‘வாத்தியாருங்க மாறவே மாட்டாங்க’ என்று ஆரம்பித்தால், தலையாட்டாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எதிலிருந்து எதற்கு மாறச் சொன்னார்கள்? அவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்களா? இதற்கு முன்னால் மாறச் சொன்னார்களே, அப்போது மாறியவர் என்ன ஆனார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை, குறை ஆசிரியரிடம் மட்டும் இருக்கிறது என்று என்னால் நம்ப முடியாது. இரண்டாம் வகுப்பில் ‘அம்மா’ என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு திட்டங்கள் மாறிப்போன குழந்தையாலும் நம்ப முடியாது. அதற்கு நம்மைக் கேள்வி கேட்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிறது.